எண்பது கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும்



மாலை நேர மக்தபில் பயணத் தொழுகை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் கையை உயர்த்தினார். “ஹஜ்ரத், எங்க மாமா சேலத்துல ஏரோப்ளேன் ஏறி ஒரு மணி நேரத்துல சென்னைக்குப் போயிடுறார். அவர் ரெண்டு ரக்அத் தொழுதா போதும். வெள்ளிமலைக்கு பஸ்ல போனா ரெண்டு மணி நேரம் ஆகுது, வாந்தி வேற வருது. அதுக்கு மட்டும் ஏன் நாலு ரக்அத்?”

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். பாடத்தில் உள்ள விடையை அவருக்குச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் அத்தா வேறு சொற்களில் இதையே என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று நான் தந்த விடையைப் பற்றியும், சென்ற ஆண்டு நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று பல மாதங்களாக மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் நம் ஊரின் தூரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் விமான நிலையம் கிடையாது. இரயில் ஏறுவதற்கும் நாம் காலங்காலமாகச் சின்னசேலத்துக்கே சென்று பழகியவர்கள். சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் அங்கிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கியது. இடையில் நின்றுபோய், 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. வானில் ஒரு மணி நேரம்தான். ஆனால் நம் ஊரிலிருந்து காமலாபுரம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். விமானம் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஏறி உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னை செல்பவரும் ஏறத்தாழ அதே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் செல்லும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் திருச்சியையே நாடுகிறார்கள். அங்கு இடம் கிடைக்காதபோது சென்னை.

சென்னை விமான நிலையத்துக்கும் நம் ஊருக்கும் நேர்கோட்டில் அளந்தால் இருநூறு கிலோமீட்டர் இல்லை. சாலை வழியே இருநூற்று முப்பதுக்கு மேல். துபையிலிருந்து சென்னைக்கு 2,900 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதை விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. மீதமுள்ள இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அதைவிட அதிக நேரம் தேவைப்படுகிறது. இந்த வேடிக்கையை நம்மில் வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீடும் அறியும்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்வதற்கான அனுமதி திருக்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனத்தில் வருகிறது. தூரம் எவ்வளவு என்று அவ்வசனம் கூறவில்லை. ஆகவே அறிஞர்கள் நபிமொழிகளிலிருந்தும் தோழர்களின் நடைமுறையிலிருந்தும் அளவை எடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பதினாறு ஃபர்ஸக், அதாவது இரண்டு மர்ஹலா. இன்றைய கணக்கில் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹனஃபி மத்ஹபின் மூல அளவு தூரம் அன்று, காலம்: ஒட்டகமோ கால்நடையாகச் செல்பவரோ மிதமான வேகத்தில் மூன்று நாள்கள் செல்லும் வழி. பிற்கால அறிஞர்கள் மக்களின் வசதிக்காக அதை நாற்பத்தெட்டு மைல், ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்று வரையறுத்தார்கள். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்தக் கிலோமீட்டரைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. அதற்கு முன் நமக்கு மாவட்டத் தலைநகர் விழுப்புரம். அது சற்றேறக்குறைய இந்த எல்லையில்தான் விழும். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கச் செல்பவர்கள், “ஹஜ்ரத், கஸ்ரா, முழுசா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊரின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும், வீட்டு வாசலிலிருந்து அன்று என்று நான் விளக்குவேன். புதிய மாவட்டம் வந்தபின் அந்தக் கேள்வியே ஓய்ந்துவிட்டது.

விமானத்தில் செல்பவருக்குச் சலுகை ஏன் நீங்கவில்லை? அந்தத் தூரத்தை ஒருவர் விரைவாகக் கடந்துவிட்டாலும் அவர் பயணியே என்று முன்னோர் எழுதிவைத்துவிட்டார்கள். அவர்கள் நினைத்தது விரைந்தோடும் குதிரையை. நமக்கு அது விமானம். களைப்பும் சிரமமும் சலுகையின் பின்னுள்ள ஹிக்மத். ஆனால் சட்டம் தொங்கிக்கொண்டிருக்கும் இல்லத்து பயணம் என்ற செயல்தான். சிரமத்தை யாராலும் அளக்க முடியாது. ஒருவருக்குச் சிரமமானது இன்னொருவருக்கு உல்லாசம். தூரத்தை அளக்கலாம். எனவே அளக்கக்கூடியதன்மேல் சட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மாணவரிடம் நான் சொன்னதும் இதுவே. அவருடைய மாமாவுக்குச் சேலத்திலிருந்து விமானம் ஏறும் வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. சென்னை என்று நிய்யத் வைத்து நம் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதுமே அவர் பயணிதான்.

இப்போது அத்தாவின் கேள்வி.

என் அத்தா கல்வராயன் மலைக்குச் சென்று வியாபாரம் செய்தவர். துணி, அலுமினியப் பாத்திரம், சீப்பு, கண்ணாடி, உப்பு, கருவாடு என்று கொண்டுபோய் விற்பார்; புளி, கடுக்காய், தேன் வாங்கி வருவார். பதினெட்டு வயதில் தலைச்சுமையோடு தொடங்கினார். அப்போது மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த காலம். 1976இல்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. மலையாளி மக்கள் கூலியில்லாமல் ஜாகீர்தார் நிலத்தில் உழைத்ததைத் தாம் கண்ணால் கண்டதாக அத்தா சொல்வார். அவருக்குக் கிலோமீட்டர் தெரியாது. அவருடைய தூரக் கணக்கு தொழுகை நேரங்களால் ஆனது. “ஃபஜ்ர் தொழுதுட்டுக் கிளம்பினா லுஹருக்குக் கச்சிராயபாளையம். அங்கே தங்கி, மறுநாள் விடியலில் மலை ஏறினா அஸருக்கு மேலே” என்பார். பின்னாளில் வெள்ளிமலைக்குப் பேருந்து வந்தது. அதன்பிறகும் உட்கிராமங்களுக்கு அவர் நடந்துதான் சென்றார். சில வாரங்களில் வெள்ளிமலைக்கு அப்பாலும் ஒன்றரை நாள், இரண்டு நாள் நடை.

நான் ஓதி முடித்துப் பட்டயத்தோடு ஊர் திரும்பியபோது எனக்கு இருபது வயது. அந்த வாரமே அத்தா கேட்டார்: “ஏம்ப்பா, மலைக்குப் போனா எனக்குக் கஸ்ர் உண்டா? இத்தனை வருஷமா நாலுதான் தொழறேன். முட்டி வலிக்குது.”

நான் ஒரு கணமும் தயங்கவில்லை. “வெள்ளிமலை நாற்பது கிலோமீட்டருக்கு உள்ளேதான் அத்தா. கஸ்ர் இல்லை” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மகன் ஆலிமாகிவிட்டான் என்பதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியில் முழங்கால் வலி பெரிதாகத் தெரியவில்லை போலும்.

ஆனால் ஹனஃபி நூல்களில் அந்த இடத்திலேயே இன்னொரு விவரமும் இருக்கிறது. மலைப்பாதையை மலையின் நடையால் அளக்க வேண்டும், சமவெளியின் நடையால் அன்று. கடலைக் காற்றின் போக்கால் அளக்க வேண்டும். அதாவது ஏற்ற இறக்கமுள்ள பாதையில் மூன்று நாள் நடை என்பது கிலோமீட்டரில் வெகுவாகக் குறைந்துவிடும். அதை நான் ஓதியிருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். அத்தாவிடம், “எந்த ஊரை நாடிக் கிளம்புவீர்கள்? நடந்தால் எத்தனை நாள்?” என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்க வேண்டும். கடைக்கோடிக் கிராமம் ஒன்றை நாடிக் கிளம்பிய வாரங்களில் விடை ஒருவேளை வேறாக இருந்திருக்கலாம். ஊர் ஊராகச் சுற்றும் நோக்கத்தோடு மட்டும் கிளம்பியிருந்தால், எவ்வளவு சுற்றினாலும் கஸ்ர் இல்லை என்பதும் சட்டமே. எப்படியிருப்பினும் கேட்டுவிட்டுச் சொல்வது என் கடமை. நான் கேட்கவில்லை. பயணி நான்கு ரக்அத் தொழுதாலும், இரண்டாவதில் இருப்பு அமர்ந்திருந்தால் தொழுகை செல்லும் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு.

சென்ற ஆண்டு கோடையில் ஒரு வியாழக்கிழமை, இஷாவுக்குப் பிறகு அத்தா வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அண்ணன் துபையில் இருந்தார். இரவு ஒன்பதரைக்கு அவருக்குச் செய்தி சொன்னோம். திருச்சி விமானத்தில் இடமில்லை. நள்ளிரவுக்குப் பின் புறப்படும் சென்னை விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. காலை எட்டு மணிக்குச் சென்னையில் இறங்கிவிடுவேன், ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்றார். வழக்கமாகக் காலை பத்து மணிக்குள் நல்லடக்கம் செய்திருப்போம். அண்ணனுக்காக, ஜுமுஆவுக்குப் பின் ஜனாஸா என்று முத்தவல்லியிடம் சொன்னேன். கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக ஜுமுஆ வரை தாமதிப்பதை நம் நூல்கள் விரும்புவதில்லை என்பது தெரிந்தே சொன்னேன். அந்த அளவுக்கு நான் வளைந்துகொடுத்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவரட்டுமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு குடும்பம், மலேசியாவிலிருந்து மகன் வருவதற்காக ஜனாஸாவை இரண்டு நாள்கள் பெட்டியில் வைத்திருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பயானில், பெயர் சொல்லாமல் ஆனால் எல்லோருக்கும் புரியும்படி, நான் கடுமையாகப் பேசினேன். ஜனாஸாவை விரைவுபடுத்துமாறும், நல்லவராயின் நன்மையின்பால் அவரை முற்படுத்துகிறீர்கள் என்றும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறியதை விளக்கினேன். அந்தக் குடும்பத்தார் அன்று முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்கள். அத்தா இறந்த அன்றும் அவர்கள் வந்திருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்தது அந்த மகன்தான்.

விமானம் தாமதமாக வந்தது. அண்ணன் சென்னை விமான நிலையத்திலிருந்து காரில் ஏறும்போது மணி பத்தரை. தாம்பரம் தாண்டவே நெடுநேரம். பன்னிரண்டே முக்காலுக்குத் திண்டிவனம் அருகில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, ஓரத்தில் துண்டை விரித்து லுஹர் இரண்டு ரக்அத் தொழுதிருக்கிறார். அருகிலேயே பள்ளிவாசல், ஜுமுஆவுக்கு மக்கள் சென்றுகொண்டிருந்தார்கள். பயணிக்கு ஜுமுஆ கடமையில்லை என்பதால், அந்த நேரத்தை மிச்சப்படுத்தினால் அத்தாவின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று கணக்கிட்டாராம். நாற்பது வருடத்தில் அண்ணன் ஜுமுஆவைத் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் ஜுமுஆ முடித்து வெளியே வந்தபோது அவர் தொலைபேசியில் அழைத்தார். “விழுப்புரம் தாண்டியாச்சு. ஒன்றரை மணி நேரம்.” அம்மா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்: “பெரியவன் வந்து ஒரு தடவை முகத்தைப் பார்க்கட்டுமே.” பள்ளி வாசலில் சந்தூக்கு இருந்தது. வெயில் கொளுத்தியது. முத்தவல்லி என் முகத்தைப் பார்த்தார். “ஹஜ்ரத், நீங்க சொல்றபடி” என்றார். அவர் காத்திருக்கத் தயாராக இருந்தார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. முன்வரிசையில் அந்தக் குடும்பத்தாரும் நின்றிருந்தார்கள்.

நான் “ஆரம்பிக்கலாம்” என்றேன்.

சுன்னத்தைப் பேணினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது; கோடை; இன்னும் ஒன்றரை மணி நேரம் என்பது சாலையில் இரண்டாகலாம், இரண்டரையாகலாம். இவை யாவும் உண்மை. ஆனால் அந்தக் கணத்தில் என்னை நகர்த்தியது அந்த நபிமொழி மட்டும்தானா, அல்லது அந்தக் குடும்பத்தார் முன் என் பயானுக்கு நானே மாறு செய்துவிடக் கூடாது என்ற எண்ணமுமா? பிறருக்கு நிய்யத் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். என் நிய்யத்தை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

இரண்டரை மணிக்கு நாங்கள் மூன்று பிடி மண் போட்டபோது அண்ணன் எலவனாசூர்கோட்டையில் இருந்தார். மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கபரஸ்தானுக்கு வந்தார். ஈர மண்ணைப் பார்த்தபடி நின்றார். சிறிது நேரம் கழித்து, “நான் தொழலாமா?” என்று கேட்டார். அவரோடு துபையில் பணியாற்றும் ஷாஃபிஈ நண்பர்கள் கபரருகே தொழுவதை அவர் கண்டிருக்கிறார். நம் மத்ஹபில், வலீ ஆன மகன் தொழுவித்துவிட்டபின் மீண்டும் ஜனாஸாத் தொழுகை இல்லை. அதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான். “துஆச் செய்யுங்கள் அண்ணே” என்றேன். கையை உயர்த்தினார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை.

அண்ணன் பத்து நாள்கள் விடுப்பில் வந்திருந்தார். ஒன்பதாம் நாள் இருவரும் மலைக்குச் சென்றோம். அத்தாவின் பற்றுவரவு நோட்டில் வரவேண்டிய கணக்குகள் பல இருந்தன. அவற்றை விட்டுவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். கொடுக்க வேண்டியது ஒன்று இருந்தது: வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பெரியவருக்குப் புளிக்காக 1,800 ரூபாய். இறந்தவரின் கடனைத் தீர்த்த பிறகே சொத்துப் பங்கீடு. எனவே போய்த்தான் ஆக வேண்டும்.

கோமுகி அணையைக் கடந்து பேருந்து மலையேறத் தொடங்கியதும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். சிறுவயதில் நாங்கள் இருவரும் அத்தாவோடு ஒருமுறை இந்த வழியே வந்திருக்கிறோம். திரும்பும் வரை நான் அழுதுகொண்டே வந்ததாக அம்மா சொல்வார். வெள்ளிமலையில் இறங்கி, மரவள்ளிக் காடுகளுக்கு இடையே போன ஒரு சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டோம். பிறகு நடை. அத்தா இந்த ஏற்றத்தில் மூட்டையோடு நடந்தார் என்பதை என் முழங்கால்கள் அன்றுதான் அறிந்தன.

பெரியவர் எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “ராவுத்தர் ஜாடை” என்றார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. பணத்தை வாங்க மறுத்தார். இது அத்தாவின் கபரோடு சம்பந்தப்பட்டது, நீங்கள் வாங்கினால்தான் எங்களுக்கு நிம்மதி என்று நான் விளக்கியதும், இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு திண்ணையைக் காட்டினார். “இங்கதான் தொழுவாரு. நாங்க சின்னப் பசங்களா உக்காந்து எண்ணுவோம். மத்தியானம் நாலு, சாயங்காலம் நாலு. ஒரு நாளும் கொறைச்சதில்லை. கடைசி வருசங்கள்ல எந்திரிக்க முடியாம தூணைப் பிடிச்சுக்குவாரு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அத்தா என்னிடம் கேட்ட கேள்வி அவருக்குத் தெரியாது. அஸர் நேரம் ஆகியிருந்தது. அந்தத் திண்ணையிலேயே இருவரும் தொழ நின்றோம். “நான் துபையிலிருந்து வந்தவன். எனக்கு ரெண்டா, நாலா?” என்று கேட்டார்.

“நாலுதான் அண்ணே. நம் ஊர் உங்களுக்குச் சொந்த ஊர், மச்சியும் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். ஊர் எல்லைக்குள் நுழைந்ததுமே நீங்கள் பயணி இல்லை. இங்கே வந்ததும் பயணத் தூரம் இல்லை.”

“அப்போ அன்னிக்கு எலவனாசூர்ல இருந்தப்ப நான் பயணி.”

“ஆமாம்.”

அவர் தக்பீர் கட்டச் சைகை காட்டினார். நான் தொழுவித்தேன். மூன்றாம் ரக்அத்துக்கு எழும்போது என் கை தானாகத் தூணைத் தேடியது.

மஃரிபுக்கு முன் கடைசிப் பேருந்தைப் பிடித்தோம். கச்சிராயபாளையம் விளக்குகள் கீழே தெரியத் தொடங்கியபோது அண்ணன் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தார். “துபாயிலேர்ந்து வந்ததுல பாதி நேரம் இந்த மலைக்கு” என்றார். சிறிது நேரம் கழித்துக் கேட்டார்: “அன்னிக்கு மண் போட்டப்ப மணி என்ன?”

“ரெண்டரை.”

“ரெண்டரை” என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேருந்து ஒரு வளைவில் திரும்பியது. நான் விழுந்துவிடாமல் இருக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.